நாற்பத்தோராவது மேற்கோள்

அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த பித்தளை மணி, யாரும் தொடாமலே மூன்று முறை அடித்தது.

மங்கையற்கரசி திடுக்கிட்டதில் கையிலிருந்த டீ தளும்பி மெய்ப்புத் தாள்களின் மேல் சிந்தியது. எதிர் மேசையில் ரஷீத் கைதட்டினான்.

"ரெண்டாவது இடம் மேடம். வெட்டுத் தேற்றம் ஒரு படி ஏறிடுச்சு. ஸ்வீட் யாரு, நீங்களா நானா?"

"போன தடவையும் நான்தான் வாங்குனேன்."

"அதான் உங்க கைராசின்றேன்."

தரமணியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது 'கோட்டுருக் கணிதம்' காலாண்டிதழின் அலுவலகம். மங்கை அதன் நிர்வாக ஆசிரியை. ரஷீத் புள்ளிவிவரம் பார்ப்பவன். எந்தத் தலைப்பு மேலே போகிறது, எது கீழே வருகிறது, யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. இதழில் வந்த கட்டுரை ஏதாவது மேற்கோள் வரிசையில் ஓரிடம் முன்னேறினால் மணி தானாக அடிக்கும். முதன்மை ஆசிரியர் அறவாழியின் ஏற்பாடு அது.

புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். இவ்வளவுதான் அந்தக் கணிதம். ஊர்களைப் புள்ளியாகவும் சாலைகளைக் கோடாகவும் வைக்கலாம். மனிதர்களைப் புள்ளியாகவும் பகையைக் கோடாகவும் வைக்கலாம். உலகம் முழுக்க முந்நூறு பேர் படித்துக்கொண்டிருந்த பத்திரிகை, மின்மதி வந்த பிறகு அமைச்சரவை வரை பேசப்பட்டது.

மின்மதி, மாநிலத்தின் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் இயந்திர மூளை. கோடையில் சுமை ஏறும்போது எந்தக் கம்பியை வெட்டுவது, எதை விடுவது என்பதை அதுவே முடிவு செய்யும். மனிதர்கள் அதைச் செய்துகொண்டிருந்த காலத்தில் முக்கியஸ்தர்கள் தெருவில் மட்டும் விளக்கு அணைந்ததே இல்லை. ஒரு கோடையில் ஜனங்கள் பொறுமை இழந்து துணைமின் நிலையங்களைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் அரசாணை வந்தது. இனி மனிதக் கை படக் கூடாது. வெட்டும் விதியைக் கணித ஆய்விதழ்களிலிருந்து இயந்திரமே எடுத்துக்கொள்ளும். எந்தத் தேற்றத்தை அதிகமான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்களோ, அதுதான் அந்த வருடத்து விதி. மார்ச் கடைசியில் கணக்கு முடியும். ஏப்ரல் முதல் தேதி நண்பகலில் விதி மாறும். அத்தனை பேராசிரியர்கள் எடுத்துச் சொல்லும் ஒன்று எப்படித் தப்பாக இருக்கும் என்று சட்டசபையில் கேட்டார்கள். மங்கைக்கும் அது நியாயமாகவே பட்டது.

சிந்திய டீயை அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவருகில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை. இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்த முகம்.

"ஜெபமணி. மணற்குடி மகளிர் கல்லூரி. மூணு தடவ கட்டுரை அனுப்பினேன், மூணு தடவையும் திரும்பிட்டு. அதான் நேர்ல வந்துட்டேன்."

ரஷீத் தேடிப் பார்த்தான். "ஆமா மேடம். முன்கணிப்பு பூஜ்யம். அஞ்சுக்குக் கீழ இருந்தா மனுஷங்க பார்வைக்கே வராது."

ஒரு கட்டுரையை எதிர்காலத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் அது. யாரும் காட்ட மாட்டார்கள் என்றால் இதழ் அதைத் தொடாது. போன வருடம் அறவாழி கொண்டுவந்த வழக்கம். இதழின் மதிப்பெண் அதற்குப் பிறகுதான் ஏறியது.

மங்கை கட்டுரையைப் புரட்டினாள். நான்கே பக்கம். கடைசிப் பக்கத்தில் 'மேற்கோள்கள்' என்ற தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

"பட்டியல் காலியா இருக்கே? அதான் பூஜ்யம் வந்திருக்கு."

"அத அப்படியே விட்டுருங்க மேடம். கட்டுரைய மட்டும் பாருங்க."

"யாரோட தேற்றத்தைப் பத்திப் பேசறீங்க? பேரே இல்லையே."

ஜெபமணி பதில் சொல்ல வாய் திறந்தபோது உள்ளறைக் கதவு திறந்தது. மணிச் சத்தம் கேட்டு அறவாழி உற்சாகமாக வந்தார். அறுபத்தைந்து வயது. வெட்டுத் தேற்றத்தை எழுதியவர் அவருடைய பழைய மாணவர் என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமை.

"வெட்டுத் தேற்றம் தப்பு சார்," என்றாள் ஜெபமணி.

ரஷீத்தின் சிரிப்பு நின்றது. அறவாழி அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"ரெண்டு வருஷமா உலகம் பூரா எடுத்தாள்றாங்க. நீங்க ஒருத்தர் தப்புன்றீங்க. சரி, போர்டு இருக்கு, பேனா இருக்கு. கதை வேண்டாம், கணக்கை மட்டும் சொல்லுங்க."

அவள் வெள்ளைப் பலகையில் ஒன்பது புள்ளிகள் வைத்தாள். கோடுகளை இழுத்தாள். நடுவிலிருந்து சற்றே விலகி நின்ற ஏழாவது புள்ளிக்கு மூன்று பக்கத்திலிருந்தும் மூன்று கோடுகள் வந்தன.

"உங்க தேற்றம் என்ன சொல்லுது? சுமை ஏறினா ஒவ்வொரு புள்ளியும் தன்கிட்ட உபரியா இருக்குற ஒரு கோட்டை வெட்டிக்கிடலாம். எந்தப் புள்ளியும் தனிச்சுப் போகாதுன்னு சொல்லுது. சரிதானா?"

"சரி."

"ஏழாவது புள்ளியோட பக்கத்து வீட்டுக்காரங்க மூணு பேர். ரெண்டு, நாலு, எட்டு. மூணு பேருக்கும் ஒரே நேரம் சுமை ஏறுதுன்னு வைங்க. ரெண்டு நினைக்கும், நான் வெட்டினா என்ன, நாலும் எட்டும் பாத்துக்கிடும். நாலும் அப்படியே நினைக்கும். எட்டும் அப்படியே நினைக்கும்."

மூன்று கோடுகளையும் விரலால் ஒவ்வொன்றாக அழித்தாள். ஏழாவது புள்ளி ஒரு கோடும் இல்லாமல் நின்றது.

"இது வேணும்னே ஜோடிச்ச படம்," என்றார் அறவாழி. "நிஜத்துல இப்படி ஒரு வலை எங்கேயும் இருக்காது."

"இது எங்க தாலுகா சார். மின்வாரியப் படத்தைப் பாத்துத்தான் வரைஞ்சேன். ஏழாவது புள்ளி மணற்குடி அரசு ஆஸ்பத்திரி. எங்க வீட்டுக்காரர் அங்கதான் கெடக்கார். லாரி மோதிக் கழுத்தெலும்பு போச்சு. மெஷின்தான் மூச்சு விடுது."

மங்கைதான் கேட்டாள். "ஜெனரேட்டர் இருக்குமே?"

"இருக்கு. மின்மதி ஆஸ்பத்திரிய வெட்டாதுன்னு சர்க்குலர் வந்தப்புறம் டீசலுக்கு அனுமதி நின்னுட்டு. இப்போ அது மேல நர்ஸுமாரு துணி காயப்போடுதாவ. மூச்சு மெஷின் பேட்டரியும் செத்துட்டு."

"வேற ஊருக்கு மாத்தலாமே?"

"கழுத்தை அசைக்கக் கூடாதுன்னுட்டாவ. இப்போ இருக்குற பழைய விதி மெதுவானது, ஆனா சரியானது. அது இருக்குற வரைக்கும் பயமில்ல. இது முதல் இடத்துக்கு வந்துட்டுன்னா..." அவள் அழிந்த கோடுகளைப் பார்த்தாள். "மின்மதி ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். அச்சுல வந்த கட்டுரையைக் கொண்டா, பேசலாம்னாரு தண்டபாணி சார். அதான் வந்தேன்."

அறவாழி பேனாவை வாங்கிக்கொண்டு பலகை முன்னால் நின்றார். புள்ளிகளை இடம் மாற்றினார். வேறு வழியில் வெட்டிப் பார்த்தார். தேற்றத்தின் நிரூபணத்தை முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டே வந்தவர், பாதியில் ஒரு வரியில் நின்றார். அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். பேனாவை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்த இடத்துல 'இதேபோல்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கான். நானும் பாத்தேன். ரெண்டு நடுவர்களும் பாத்தாங்க. எல்லாரும் மத்தவங்க சரிபார்த்திருப்பாங்கன்னு தாண்டிப் போயிட்டோம்."

அப்போது ஜெபமணியின் கைபேசி ஒலித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. கணவர் செல்வினுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, உடனே வர வேண்டும் என்றார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"கட்டுரை வந்துருமா சார்?"

"வரும்மா. நான் பொறுப்பு."

வாசல் வரை போனவள் திரும்பினாள். "அப்படியே போடுங்க மேடம். எதுவும் சேக்க வேண்டாம்."

"நீங்க கவலைப்படாமப் போங்க. நான் பாத்துக்கறேன்," என்றாள் மங்கை.

அவள் படியிறங்கிய பிறகு அறவாழி எழுந்து உலாவ ஆரம்பித்தார். அவர் முகத்தில் இருபது வயது குறைந்தது போலிருந்தது.

"ஒரு கட்டுரை போதாது மங்கை. மணற்குடியிலேருந்து ஒரு அம்மா சொல்றாங்கன்னு எவன் கேப்பான்? தேற்றத்தை வாபஸ் வாங்கணும்னா விசாரணைக் குழுவுக்கே ஆறு மாசம் ஆகும். மார்ச் முடிய ரெண்டு வாரம்தான் இருக்கு. சிறப்பிதழ் போடறோம். இந்தத் துறையில பேர் உள்ள அத்தனை பேரும் எழுதறாங்க. தப்பு, தப்பு, தப்புன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லணும்."

"உங்க மாணவர்?"

"நானே கூப்பிட்டுச் சொல்றேன். அழுவான். அழட்டும்."

அடுத்த நாட்களில் அறவாழி கைபேசியைக் கீழே வைக்கவில்லை. தன் நாற்பது வருடத் தொழிலில் சேர்த்த நன்றிக்கடன் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டு வாங்கினார். புடாபெஸ்ட்டிலிருந்து ஒருவர் இரண்டு பக்கம் அனுப்பினார். சாவோ பாவ்லோவிலிருந்து ஒருவர், கொல்கத்தாவிலிருந்து இருவர், மதுரையிலிருந்து ஒருவர். அந்த மாணவரே நேர்மையாக ஒரு பக்கம் எழுதினார். எல்லாம் சேர்ந்து நாற்பது குறிப்புகள்.

"இப்படி ஒரு ட்ரெண்டை நான் பாத்ததே இல்லை மேடம்," என்றான் ரஷீத். "வெட்டுன்ற வார்த்தை ராக்கெட் மாதிரி போவுது."

ஜெபமணியின் கட்டுரைதான் இதழின் முதல் கட்டுரை. மங்கை அதைத் தன் கையாலேயே திருத்தினாள். ஒற்றெழுத்துகளைச் சரிபார்த்தாள். படங்களுக்கு எண் போட்டாள். கடைசிப் பக்கத்தின் காலிப் பட்டியலுக்கு வந்ததும் சற்றுத் தயங்கினாள். பிறர் உழைப்பைப் பெயர் சொல்லாமல் தொடுவது இந்தத் தொழிலில் திருட்டு. தாக்கினாலும் பெயர் சொல்லித்தான் தாக்க வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் முன்கணிப்பு மறுபடியும் பூஜ்யம் காட்டி, மென்பொருளே கட்டுரையை வெளியே தள்ளிவிடும். சின்னக் கல்லூரி. யாரும் முறையைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எதுவும் சேர்க்க வேண்டாம் என்று அவள் சொன்னதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள் மங்கை.

வெட்டுத் தேற்றத்தின் பெயரையும் வருடத்தையும் இதழ் எண்ணையும் அவள் தட்டினாள். ஒரே வரி. முன்கணிப்பு பூஜ்யத்திலிருந்து முப்பதுக்குத் தாவியது. மனம் நிறைந்தது.

மார்ச் முப்பதாம் தேதி இதழ் வெளியானது. மங்கை ஜெபமணிக்குச் செய்தி அனுப்பினாள். 'வந்துவிட்டது.' வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. 'நன்றி மேடம். காய்ச்சல் குறையல. படிக்க நேரம் இல்ல. தண்டபாணி சார்ட்ட நீங்க குடுத்துருவீங்களா?'

குடுக்கிறேன் என்றாள் மங்கை. ஏப்ரல் முதல் தேதி காலையில் இதழைத் தோள்பையில் வைத்துக்கொண்டு கிளம்புவதற்காக அலுவலக மேசையிலிருந்து எழுந்தாள்.

மணி அடித்தது.

ரஷீத் கைதட்டவில்லை. திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"எந்தக் கட்டுரை?" என்றாள் மங்கை.

"வெட்டுத் தேற்றம். முதல் இடம். இறுதி வரிசை இப்பத்தான் வந்துச்சு."

"அது எப்படி? இதழ் பூரா அதைத் தப்புன்னுதானே..."

சொல்லும்போதே அவள் குரல் உள்ளே போயிற்று. ரஷீத் திரையை அவள் பக்கம் திருப்பினான். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி நாலாபக்கமிருந்தும் புதுக் கோடுகள், சூரியனின் கதிர்கள் மாதிரி. ஒவ்வொரு கோடும் சிறப்பிதழிலிருந்து புறப்பட்டிருந்தது.

"எல்லாரும் பேர் சொல்லித் திட்டியிருக்காங்க மேடம். பேர் சொன்னா அது ஒரு மேற்கோள். திட்டுனாங்களா, பாராட்டுனாங்களான்னு மின்மதிக்குத் தெரியாது. அதுக்குப் புள்ளி, கோடு. அவ்வளவுதான்."

அறவாழி உள்ளறை வாசலில் நின்றிருந்தார். கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆளுக்கு ஒண்ணுதானே," என்றார் யாரிடமோ. "ஆளுக்கு ஒரே ஒரு வரிதானே எழுதினாங்க."

மங்கை மின்மதி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். தண்டபாணி பொறுமையான மனிதர். முழுவதையும் கேட்டார்.

"இந்த மாசத்துல மட்டும் அத்தனை பேர் புதுசா ஆதரிச்சிருக்காங்களேம்மா."

"ஆதரிக்கலை சார். மறுத்திருக்காங்க. ஒரே ஒரு பக்கம் படிச்சுப் பாருங்க."

"நான் படிக்கக் கூடாதுன்னுதானே அரசாணை. நான் படிச்சு முடிவு பண்ணினா பழைய காலம் வந்துடும். கணக்கு நேத்து முடிஞ்சது."

"பன்னெண்டு மணிக்கு முன்னாடி கையால நிறுத்துங்க சார். ஒரு ஆஸ்பத்திரி இருக்கு."

"கை வெச்சவனுக்கு ஏழு வருஷம்மா. எனக்கு ரெண்டு பொண்ணு." கொஞ்சம் யோசித்தார். நல்ல மனதுடன்தான் கேட்டார். "மறுத்து எழுதின அந்த மணற்குடிக் கட்டுரை, அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க?"

"யாருமில்லை சார். முந்தாநாள்தான் வந்தது."

"அடடா. நல்லா ஏறட்டும். அடுத்த வருஷம் கண்டிப்பா பாத்துக்கும்."

ரஷீத் மதிய வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெற்கு மாவட்டங்கள் எல்லாம் சிவப்பாக இருந்தன. அவன் எதையோ சொல்லத் தயங்குவது தெரிந்தது.

"என்னடா?"

"பழைய தேற்றத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான் மேடம். சமமா இருந்திருந்தா பழைய விதியே தொடரும். அப்படித்தான் ஆணையில இருக்கு. ஒண்ணு குறைஞ்சிருந்தாக்கூடப் போதும்."

மங்கை சிறப்பிதழின் பொருளடக்கத்தைப் பார்த்தாள். வெளியிலிருந்து வந்த குறிப்புகள் நாற்பது. அவை அவரவர் கையால் எழுதியவை. முதல் கட்டுரையையும் சேர்த்தால் நாற்பத்தொன்று. அதன் கடைசிப் பக்கத்தை அவள் திறக்கவில்லை. அந்த ஒரு வரி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியும்.

அந்த வரியை நீக்கச் சொல்லி மின்மதிக்குத் திருத்தம் அனுப்பினாள். 'ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும்' என்று உடனே பதில் வந்தது.

பன்னிரண்டு மணி தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சென்னையின் புள்ளிகளுக்கு நிறையக் கோடுகள் இருந்தன. அறவாழி பலகை முன்னால் போய் நின்றார். ஏழாவது புள்ளி இன்னும் அங்கேயே இருந்தது. யாரும் அழிக்கவில்லை.

மதிய வெயில் ஏறியபோது மங்கை ஜெபமணியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் மூச்சு இயந்திரத்தின் ஓசை சீராகக் கேட்டது. இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது.

"காய்ச்சல் விட்டுட்டு மேடம்," என்றாள் ஜெபமணி. குரலில் சிரிப்பு இருந்தது. "காலைல கண்ணைத் தொறந்து பாத்தார். தண்டபாணி சார் என்ன சொன்னாரு?"

"ஜெபமணி, கையால மூச்சு குடுக்கற பை இருக்குமில்ல, அதை எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கச் சொல்லுங்க. இப்பவே."

சிரிப்பு நின்றது. அவள் நர்ஸைக் கூப்பிடும் குரல் கேட்டது. அலமாரி திறக்கும் சத்தம். பிறகு திரும்பி வந்தாள். கணக்கு வாத்தியாரின் குரலில் கேட்டாள்.

"முதல் இடத்துக்கு வந்துட்டா?"

"வந்துடுச்சு."

"எப்படி மேடம்? நான் யாரையும் பேர் சொல்லலியே."

"சார் நாற்பது பேரை எழுத வெச்சார். எல்லாம் மறுப்புதான். எல்லாரும் பேர் சொல்லிட்டாங்க."

"நாற்பது." அவள் மனதுக்குள் கூட்டுவது தெரிந்தது. பழைய தேற்றத்தின் கணக்கை அவள் தினமும் பார்த்திருக்க வேண்டும். "நாற்பதுன்னா சமமாத்தானே வரும். பழசுதானே நிக்கணும். இன்னொண்ணு யாரு?"

"உங்க கட்டுரைதான். பட்டியல் காலியா இருந்தது. நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சு நான்தான் ஒரு வரி சேர்த்தேன்."

இழுத்தது, விட்டது. தூரத்தில் ஏதோ ஒரு மின்விசிறி வேகம் குறைந்து, கிறீச்சிட்டு நின்றது. வார்டில் யாரோ "கரண்ட் போச்சு" என்றார்கள், சாதாரணமாக. மூச்சு இயந்திரத்தின் ஓசை பாதியில் நின்று, அந்த இடத்தில் மெல்லிய பீப் ஒலி தொடங்கியது. அதற்கு நடுவே ஜெபமணியின் குரல், கோபமே இல்லாமல், வகுப்பில் ஒரு படியை மறுபடி விளக்குவது போல வந்தது.

"நான் மறக்கல மேடம். பேரைச் சொன்னா அதுக்கு ஒரு கோடு கூடிரும்னுதான் காலியா விட்டேன்."